அறிவைத் திருடும் ஆகாயம்

மோட்டார் சைக்கிளொன்றிற்குச் சிறகு முளைத்தால் எப்படியிருக்குமென்று ஒரு சிறுவனைப் படம் வரையச் சொன்னால், அவன் வரைவது பெரும்பாலும் நாம் இங்கே கூறப்புகும் விமானத்தையே ஒத்திருக்கும். மூன்று சின்னஞ்சிறு சில்லுகள். ஒருவரோ இருவரோ முன்பின்னாக அமரத்தக்க ஆசனம். அதன் முதுகுப்புறத்தில் ஓர் எஞ்சினும் சுழல்விசிறியும். தலைக்கு மேலே அலுமினியக் குழாய்களில் இழுத்துக் கட்டிய முக்கோண வடிவான துணிச் சிறகு. இவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை, ஓட்டுவதற்குச் சில்லுவளையமும் இல்லை. சிறகோடு பொருந்திய தண்டொன்றைப் பற்றிக்கொண்டு, தன் உடற்பாரத்தை அங்குமிங்கும் மாற்றியே விமானி அதனைச் செலுத்துகிறான். தண்டை முன்னே தள்ளினால் மூக்கு உயர்ந்து வேகம் குறையும். தன்பால் இழுத்தால் மூக்குத் தாழ்ந்து வேகம் கூடும்.

'மைக்ரோலைட்' என்றும் 'அல்ட்ராலைட்' என்றும் இதனை வழங்குவர். மிக இலேசான விமானம் என்பது பொருள். எவ்வளவு இலேசு? அமெரிக்கச் சட்டத்தின்படி, உரிமப் பத்திரம் எதுவுமின்றி ஒருவர் தனியே ஓட்டத்தக்க இவ்வகை விமானத்தின் வெற்று நிறை 254 இறாத்தலுக்குட்பட்டிருத்தல் வேண்டும். நமது கணக்கில் 115 கிலோ; அதாவது இரண்டு மூடை அரிசியின் நிறையைச் சற்றே கடந்தது. ஐரோப்பிய நாடுகளில் இருவர் ஏறிச் செல்லும் மைக்ரோலைட், ஆட்கள், எரிபொருள் யாவும் சேர்த்து 450 கிலோவைத் தாண்டலாகாது என்ற விதி நெடுங்காலம் நிலவியது.

இத்தகைய விமானங்களை ஓட்டுவோரிற் பெரும்பாலோர் தென்னைமரத்து உயரத்திலிருந்து சில நூறு மீற்றர் வரையிற் பறந்து, கீழே வயலையும் ஆற்றையும் பார்த்து மகிழ்ந்து, தேநீருக்கு வீடு திரும்புபவர்கள். அப்படியிருக்க, 2004 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் திகதி, ரிச்சர்ட் மெரிடித்-ஹார்டி என்னும் பிரித்தானியர் இத்தகைய விமானமொன்றில் எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலாகப் பறந்தார். தனியே பறந்தாரா என்றால் அதுவுமில்லை. அவருடைய விமானத்தின் பின்னே, நீண்ட கயிற்றின் நுனியில், எஞ்சினே இல்லாத 'ஹாங் கிளைடர்' என்னும் தொங்கு சிறகிலே குப்புறக் கிடந்தபடி அஞ்சலோ தாரிகோ என்ற இத்தாலியர் வந்துகொண்டிருந்தார்.

மெரிடித்-ஹார்டி இக்கலைக்குப் புதியவரல்லர். 1985, 1986 ஆம் ஆண்டுகளிலே இலண்டனிலிருந்து தென்னாபிரிக்காவின் கேப் டவுன் வரை மைக்ரோலைட்டிலே பறந்து சென்றவர். தாரிகோவோ பறவைகளோடு பறப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர். கழுகுகளுடனும் கொக்குகளுடனும் பறந்து அவற்றின் வழியைக் கற்றவர். ஆயினும் எவரெஸ்டின் தலைக்கு மேலுள்ள காற்று, அனுபவசாலி யார், புதியவர் யார் என்று பார்ப்பதில்லை. அங்கே அவர்கள் எதிர்கொண்ட பகைவன் யார் என்பதைச் சொல்வதே நமது நோக்கம். குளிரும் காற்றும் பகைவர்களே. ஆனால் அவை வரும்போது தெரியும். வருவதே தெரியாமல் வரும் பகைவன் இன்னொருவன்.

மெலிந்த காற்று

முதலிலே ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுவோம். உயரத்திலே ஒட்சிசன் வீதம் குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். மாணவர்கள் சிலர் பரீட்சையிலும் அவ்வாறு எழுதிவிடுகின்றனர். அது சரியன்று. கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கே. குறைவது அமுக்கம். 5,500 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதிற் பாதி. 8,848.86 மீற்றர் உயரமுள்ள எவரெஸ்டின் உச்சியில் மூன்றிலொரு பங்கு. நெஞ்சை நிரப்பி மூச்சை இழுத்தாலும், உள்ளே வருவது மூன்றிலொரு மூச்சே.

விமானத்தின் எஞ்சினும் மூச்சு விடும் பிராணி போன்றதுதான். பெற்றோலை எரிப்பதற்குக் காற்று வேண்டும். காற்று மெலிந்தால் எஞ்சினின் வலுவும் மெலியும். கடல்மட்டத்தில் 80 குதிரைவலு தரும் சாதாரண எஞ்சின் 5,500 மீற்றரில் ஏறத்தாழப் பாதியளவே தரும். மேலும், காற்றுக் குறைந்தும் பெற்றோல் குறையாமல் வந்துகொண்டிருந்தால், சில எஞ்சின்கள் தொண்டை அடைத்தாற்போல் திக்கித் திணறும். இதற்கொரு மாற்று வழி உண்டு. எஞ்சின் கழித்துவிடும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தின் விசையால் வெளிக்காற்றை நெருக்கி எஞ்சினுக்கு ஊட்டுவார்கள். 'ரேபோ' என்று லொறிச் சாரதிகள் நாள்தோறும் சொல்வது இதனையே. ஒஸ்திரியாவிலே செய்யப்படும் ரொட்டாக்ஸ் எஞ்சின்களில் இவ்வசதி கொண்ட ஒன்று 115 குதிரைவலு தருகிறது. இவற்றையும் வேறு உபாயங்களையும் கொண்டு, சென்ற நூற்றாண்டு முடியுமுன்னரே 9,000 மீற்றரைக் கடந்த மைக்ரோலைட் சாதனைகள் பதிவாகிவிட்டன.

சிறகின் கதை வேறு. காற்று மெலிந்தவிடத்துச் சிறகு அதே பாரத்தைத் தாங்க வேண்டுமாயின் இன்னும் விரைந்து செல்ல வேண்டும். கடல்மட்டத்தில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற்குக் கீழே வந்தால் விழுந்துவிடும் சிறகு, எவரெஸ்ட் உயரத்தில் ஏறத்தாழ 95 கிலோமீற்றருக்குக் கீழே வந்தாலே விழும். வேடிக்கை என்னவெனில், விமானியின் முன்னேயுள்ள வேகமானி அப்பொழுதும் 60 என்றே காட்டும். காற்று மோதும் விசையைக் கொண்டே அக்கருவி வேகத்தைக் கணிக்கின்றமையால், மெலிந்த காற்று அதனையும் ஏமாற்றிவிடுகிறது. இந்த ஏமாற்று விமானிக்கு உதவுவதே, தீங்கன்று. பழகிய எண்ணைப் பார்த்தே அவர் பறக்கலாம்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியசு குறையும். திறந்த ஆசனத்தில், எதிர்க்காற்றின் நடுவே, நீரை உறையச் செய்யும் குளிரினும் கீழே பல பாகைகள் தாழ்ந்த குளிரில் விமானி இருக்க வேண்டும். விரல் மரக்கும்; கண்ணாடியிற் பனி படியும்; மூச்சிலுள்ள ஈரம் முகமூடியின் வாயிலிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். இந்தக் கடைசி விடயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மூவர் சென்ற பலூன்

எஞ்சினுக்கு ரேபோ உண்டு, சிறகுக்கு வேகம் உண்டு, மனிதனுக்கு? இந்த வினாவுக்கு விடை தேடிச் சென்று உயிரிழந்தோரின் வரலாறு விமானம் தோன்றுமுன்னரே தொடங்கிவிட்டது.

1875 ஆம் ஆண்டு ஏப்ரில் 15 ஆம் திகதி, பாரிசு நகரிலிருந்து 'செனித்' என்னும் பலூனில் மூவர் வானேறினர். குரோசே-ஸ்பினெல்லி, சிவெல், கஸ்தோன் திசாந்தியே என்பன அவர்தம் பெயர்கள். விஞ்ஞான ஆராய்ச்சியே நோக்கம். உயரத்தின் கேட்டை அவர்கள் அறியாதவர்களல்லர். பிரெஞ்சு உடலியல் அறிஞரான போல் பெர் என்பவர், காற்றமுக்கத்தைக் குறைக்கத்தக்க பெரிய உலோக அறைகளை அமைத்து, உயிரினங்களை மாத்திரமன்றித் தம்மையும் அதனுள்ளே அடைத்துக்கொண்டு சோதனை செய்தவர். உயரத்தில் மனிதனை வருத்துவது ஒட்சிசன் குறைவே என்பதை அவர் நிறுவியிருந்தார். அவருடைய அறிவுரைப்படி மூவரும் ஒட்சிசன் கலந்த காற்றை நிரப்பிய பைகளைக் கொண்டுசென்றனர். அந்த அளவு போதாது என்று பெர் எழுதிய கடிதம் காலந்தாழ்ந்தே போய்ச் சேர்ந்தது.

ஒட்சிசன் கொஞ்சமே உள்ளதென்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே, மெய்யாகவே தேவை என்று உணரும்போது பயன்படுத்துவோம் என்று தீர்மானித்தனர். சிக்கனமான, புத்தியுள்ள தீர்மானம் என்றே எவரும் சொல்வர். நாமும் அவர்களிடத்தில் இருந்தால் அவ்வாறே தீர்மானித்திருப்போம். அவர்களைக் கொன்றது அந்தத் தீர்மானமே.

ஏழாயிரம் மீற்றரைக் கடந்தபின் சிவெல் மணல் மூடைகளை அறுத்துவிட்டார். பலூன் விரைந்து மேலெழுந்தது. பின்னர் தமக்கு நிகழ்ந்ததைத் திசாந்தியே எழுதி வைத்திருக்கிறார். தேகமும் மனமும் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஆனால் துன்பம் எதுவுமில்லை. மாறாக உள்ளத்திலே ஓர் ஆனந்தம். ஒளிவெள்ளத்தில் மிதப்பது போன்ற உணர்வு. ஆபத்தைப் பற்றிய நினைப்பே இல்லை. ஒட்சிசன் குழாயைப் பற்ற எண்ணியபோது கை எழவில்லை. எட்டாயிரம் மீற்றரைத் தொட்டுவிட்டோம் என்று கூவ நினைத்தபோது நா அசையவில்லை. பின்னர் கண் மூடியது. அவர் விழித்தபோது பலூன் கீழிறங்கிக்கொண்டிருந்தது. தோழர் இருவரும் முகங் கறுத்து, வாயில் இரத்தம் வழிய, இறந்து கிடந்தனர். உடன் சென்ற கருவிகள் 8,600 மீற்றர் உயரத்தைக் காட்டின. திசாந்தியே உயிர் தப்பினார், செவிப்புலன் கெட்டது.

தேவை என்று உணரும்போது ஒட்சிசனை எடுப்போம் என்றார்கள். ஆனால் ஒட்சிசன் குறையும்போது முதலிற் கெடுவதே அந்த உணர்வுதான். கள்ளன் வீட்டினுள் வந்ததும் முதற்காரியமாக நாயின் வாயைக் கட்டுவது போல. மூச்சுத் திணறினால் மனிதன் அஞ்சுவான், விழித்துக்கொள்வான். ஆனால் மூச்சுத் திணறும் உணர்வு பெரும்பாலும் கரியமிலவாயு உடலில் மிகுவதால் எழுவதேயன்றி, ஒட்சிசன் குறைவதனால் மட்டும் அவ்வளவாக எழுவதில்லை. உயரத்திலே கரியமிலவாயு வழமைபோல வெளியேறிவிடுகிறது. ஆகவே உடல் முறையிடுவதில்லை. மது அருந்தியவன் தான் தெளிவாகவே இருப்பதாகச் சாதிப்பதைப் பார்த்திருக்கிறோமல்லவா? அதே நிலைதான்.

2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில், விரல்நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அளக்கும் சிறு கருவி பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. நோயாளர் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கையிலேயே கருவி அபாயமான எண்ணைக் காட்டியதை வைத்தியர்கள் வியப்போடு கண்டனர். அதே கருவியை இன்று உயரப் பறப்போரும் விரலில் மாட்டிக்கொள்கின்றனர். எனினும், விரல் குளிரில் விறைத்தால் இரத்த ஓட்டம் குறைந்து அக்கருவியும் பிழையாகக் காட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விமானப் பயிற்சி நிலையங்களிலே போல் பெரின் அறை இன்றும் உண்டு, புதிய உருவில். பயிற்சி பெறுவோரை உள்ளே அமர்த்தி, அமுக்கத்தைக் குறைத்து, முகமூடியைக் கழற்றச் சொல்லி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து எழுதுமாறோ தம் பெயரை எழுதுமாறோ பணிப்பர். எழுத்து சிறிது சிறிதாகக் கோணலாகிக் கிறுக்கலாகும். எழுதியவரோ தாம் நன்றாகவே எழுதியதாக நம்புவார். பின்னர் அத்தாளைக் காட்டும்போதுதான் அவருக்கு உண்மை விளங்கும். தனக்கு முதலில் தோன்றும் அறிகுறி எதுவென்று ஒவ்வொருவரும் கண்டுகொள்வதே இப்பயிற்சியின் பயன். ஒருவருக்கு நகம் நீலமாகும், மற்றொருவருக்குக் காரணமற்ற சிரிப்பு வரும்.

ஒட்சிசன் இன்றேல் எவ்வளவு நேரம் அறிவோடு செயற்படலாம் என்பதற்கு விமானத்துறையினர் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். 5,500 மீற்றரில் 20 முதல் 30 நிமிடம். 7,600 மீற்றரில் 3 முதல் 5 நிமிடம். 9,000 மீற்றரில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம். அதன் மேல், விநாடிக் கணக்கே. இக்காலம் முடிந்ததும் மனிதன் உடனே இறந்துவிடுவதில்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடுகிறான். அதனாலேயே அமெரிக்கச் சட்டம், அமுக்கமூட்டப்படாத விமானத்தில் 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு மேற்பட்டும், 14,000 அடிக்கு மேல் முழுநேரமும் விமானி ஒட்சிசன் பயன்படுத்தவேண்டும் என்கிறது. உணர்ந்தபின் எடுக்கலாம் என்று அது சொல்லவில்லை.

வாசகர்களில் ஒருவர் கேட்கலாம்: 1978 ஆம் ஆண்டு மெஸ்னரும் ஹாபெலரும் ஒட்சிசன் இன்றியே எவரெஸ்டின் உச்சியை மிதித்தார்களே, அது எவ்வாறு? அவர்கள் பல வாரங்கள் மலையிலேயே தங்கி, ஏறியும் இறங்கியும் உடலைப் பழக்கியவர்கள். அக்காலத்தில் குருதியிற் செவ்வணுக்கள் பெருகும், மூச்சின் முறையும் மாறும். மைக்ரோலைட் விமானியோ ஒரு முற்பகலிலேயே அந்த உயரத்தை எட்டிவிடுகிறார். உடலுக்கு அவகாசமே இல்லை. பெரிய பிரயாணிகள் விமானத்தில் 10,000 மீற்றருக்கு மேலே இருந்துகொண்டு நாம் சோறுண்பதும் உறங்குவதும், அறையினுள்ளே காற்றை அமுக்கி, 2,400 மீற்றர் உயரத்துக்கு மேற்படாத நிலையில் வைத்திருப்பதனாலேயே.

கைக்குட்டை காத்த உயிர்

எவரெஸ்டின் மேலாக மனிதர் முதன்முதலிற் பறந்தது 1933 ஆம் ஆண்டு ஏப்ரில் 3 ஆம் திகதி. பீகாரிலுள்ள பூர்ணியாவுக்கு அண்மையிலிருந்து வெஸ்ட்லண்ட் கம்பனியாரின் இரட்டைச் சிறகு விமானங்கள் இரண்டு புறப்பட்டன. செலவை ஏற்றவர் லேடி ஹூஸ்டன் என்னும் பிரித்தானியச் செல்வச் சீமாட்டி. ஒன்றைக் கிளைட்ஸ்டேல் பிரபுவும் மற்றதை மக்கின்ரயரும் ஓட்டினர். மின்சாரத்தாற் சூடேற்றிய உடைகளும் ஒட்சிசன் முகமூடிகளும் அணிந்திருந்தனர்.

சிகரத்தை அணுகுகையில், மலையை மோதித் தாண்டிய காற்று அருவி போற் கீழ்நோக்கி இறங்கும் இடத்தில் விமானங்கள் அகப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடி தாழ்ந்தன. எஞ்சின் முழுவலுவுடன் முழங்கிக்கொண்டிருக்கையிலேயே தாழ்ந்தன என்பதைக் கவனிக்க. மக்கின்ரயரின் விமானத்தில் இருந்த படப்பிடிப்பாளர் பொனெற், நெருக்கமான இடத்தில் அசைகையில் தம் ஒட்சிசன் குழாயையே மிதித்துவிட்டார். குழாய் பிளந்தது. நல்லவேளையாக அவர் அதனைக் கண்டார். கைக்குட்டையால் வெடிப்பைச் சுற்றிக் கட்டினார். அதன் பின்னரே மயங்கி வீழ்ந்தார். அந்தக் கட்டு நின்றது. விமானம் தாழ இறங்கியதும் நினைவு திரும்பியது. முடிச்சுப் போடும் அறிவு இன்னும் சில விநாடி முன்னர் அவரை விட்டுப் போயிருந்தால், படமும் இராது, பொனெற்றும் இரார்.

அவர்களிடம் இருந்தது பல நூறு குதிரைவலுக் கொண்ட எஞ்சின். துணையாக இன்னொருவர். எழுபத்தொரு ஆண்டுகள் கழித்து அதே சிகரத்துக்கு மேலே சென்ற மைக்ரோலைட்டில் இவையிரண்டும் இல்லை. முகமூடியின் வாயில் உறைந்தாலோ குழாய் கழன்றாலோ எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவருமில்லை. ஒட்சிசன் நின்று இரண்டு நிமிடத்துக்குள் விமானி தாமே அதனைக் கண்டு, தாமே திருத்திக்கொள்ள வேண்டும். முதலிற் கெடப்போவது கண்டுகொள்ளும் அறிவே என்பதையும் அவர் அறிவார். பின்னே கயிற்றில் இன்னொருவர் உயிரும் அவரை நம்பித் தொங்குகிறது.

அன்றியும், காற்றின் வேகம் தம் விமானத்தின் வேகத்தை மிஞ்சினால் மைக்ரோலைட் முன்னேறாது. முகம் வடக்கே நோக்கியிருக்க, உடல் தெற்கே தள்ளப்பட்டுப் பின்னோக்கிப் போகும். எவரெஸ்டின் உச்சியைக் குளிர்காலம் முழுவதும் வீசித் தாக்கும் மேல்வானப் பெருங்காற்று, பருவமழை தொடங்குமுன் மே மாதத்திற் சில நாட்களே வடக்கே ஒதுங்குகிறது. மலையேறுவோரும் அந்த நாட்களையே பார்த்திருப்பர். மெரிடித்-ஹார்டியும் தாரிகோவும் பறந்த திகதி மே 24 ஆக இருந்தது தற்செயலன்று.

தாரிகோ, 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சிசிலித் தீவிலே விமானக் காட்சியொன்றின்போது இலேசான விமானமொன்றிற் பிரயாணியாகச் சென்று, அது வீழ்ந்ததால் இறந்தார். எவரெஸ்ட் விட்டுவைத்த மனிதரை எடுத்துக்கொண்டது தரையை அடுத்த வானம்.

பறவைகளைப் பின்தொடர்ந்த அவருக்கு வரித்தலை வாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திராது. நமது வாசகர்களுக்குச் சொல்லலாம். திபெத்திலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இவ்வாத்துகள் மாரிகாலத்தில் இமயத்தைக் கடந்து இந்தியா வந்து, ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை இறங்குகின்றன. எவரெஸ்டின் உச்சிக்கு மேலாகவே இவை பறக்கின்றன என்ற கதை நெடுங்காலம் நிலவியது. உடலிற் கருவி பொருத்தி ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. பதிவான பேருயரம் 7,290 மீற்றர். பெரும்பாலும் 6,000 மீற்றரைக் கடப்பதில்லை. பள்ளத்தாக்குகளை ஒட்டி, நிலம் உயர்ந்தால் உயர்ந்தும் தாழ்ந்தால் தாழ்ந்தும் செல்கின்றன. காற்றுக் குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவையும் விடியற்பொழுதையுமே பெரிதும் தெரிந்தெடுக்கின்றன. இவ்வளவிற்கும் ஒட்சிசனை இறுகப் பற்றும் குருதியும் பெரிய சுவாசப்பையும் இயற்கை அவற்றுக்குத் தந்திருக்கிறது. அத்தனையும் பெற்ற பறவை ஆறாயிரத்தில் நிற்க, ஒன்றும் பெறாத மனிதன் ஒன்பதாயிரத்துக்கு ஆசைப்படுகிறான்!

ஆசைப்படாமலே சென்றவர்

ஆசைப்படாமலே அவ்வுயரத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒருவரின் வரலாற்றை இனிச் சொல்வோம். எஞ்சினும் சில்லும் இல்லாத, துணியும் நூலுமே ஆன 'பராகிளைடர்' என்னும் சிறகு, பறக்கும் சாதனங்கள் யாவற்றினும் இலேசானது. முதுகில் ஒரு பையாகச் சுமந்து செல்லலாம்.

2007 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆம் திகதி. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள மனில்லா என்னும் சிற்றூர். அங்கே நடைபெறவிருந்த உலகப் பராகிளைடர் போட்டிக்காகப் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் பயிற்சிப் பறப்பிலே ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் ஏவா விஸ்னியெர்ஸ்கா, போலந்திற் பிறந்து ஜேர்மனிய அணியிற் பறந்தவர், வயது 35. இடிமுகில்கள் திரண்டு வருவதை அவர் கண்டார். சுற்றிக் கடந்துவிடலாம் என்று எண்ணினார். முகில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அவரை உள்ளே இழுத்துக்கொண்டன.

இடிமுகிலின் நடுவே காற்று மேனோக்கிப் பாயும். அன்று அது விநாடிக்கு 20 மீற்றர் வரையான வேகத்திலே பாய்ந்தது. ஆறு மாடிக் கட்டடமொன்றை ஒரு விநாடியில் ஏறுவது போலாகும். இறங்குவதற்குத் தெரிந்த உபாயங்களை எல்லாம் அவர் செய்து பார்த்தார். சிறகு மேலேயே சென்றது. சுற்றிலும் இருள், மின்னல், மழை. பின்னர் தோடம்பழ அளவான ஆலங்கட்டிகள். ஒட்சிசன் இல்லை. அந்த உயரத்துக்குரிய உடையும் இல்லை. தம்மால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்று அறிந்த சிறிது நேரத்தில் அவர் நினைவிழந்தார்.

அதன் பின்னர் நடந்தது நமக்கு வியப்பளிக்கிறது. பராகிளைடரில் ஆள் சிறகின் கீழே ஊசற்குண்டு போலத் தொங்குகிறான். கயிறுகளை எவரும் இழுக்காதபோது சிறகு பெரும்பாலும் தன் பாட்டிலே நேர்கொண்டு பறக்கும். ஏறத்தாழ நாற்பது நிமிடம், பனிக்கட்டி மூடிய ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு, ஓட்டுவார் எவருமின்றி அச்சிறகு இடிமுகிலினுள்ளே திரிந்தது. 9,946 மீற்றர் வரை ஏறியது. பின்னர் முகில் அதனைக் கைவிட, இறங்கத் தொடங்கியது. கடுங்குளிரினால் உடலின் இயக்கம் தாழ்ந்து, மூளைக்கு வேண்டிய ஒட்சிசனும் குறைந்தமையாலேயே அவர் பிழைத்தார் எனக் கருதப்படுகிறது. எவரெஸ்டுக்கு மேலாகப் பறக்க விரும்புவோர் எதனை அஞ்சி நடுங்குகிறார்களோ, அந்த நினைவிழப்பு அன்று நிகழ்ந்தும் அவர் உயிரோடிருந்தார். ஆனால் இதனை ஓர் உபாயமாக எவரும் கொள்ளலாகாது. அதே முகிலில் அகப்பட்ட சீன நாட்டு வீரர் ஹ சோங்பின் உயிருடன் திரும்பவில்லை. அவருக்கு வயது 42. மறுநாள், புறப்பட்ட இடத்திலிருந்து 75 கிலோமீற்றருக்கு அப்பால் அவருடைய உடலைக் கண்டெடுத்தனர்.

விஸ்னியெர்ஸ்கா விழித்தபோது தாம் எவ்வளவு நேரம் நினைவின்றி இருந்தோம் என்பதை அறியார். உடையெங்கும் பனிக்கட்டி. கைகள் விறைத்திருந்தன. ஆயினும் கயிறுகளைப் பற்றிச் சிறகைத் தம் வசப்படுத்தி, புறப்பட்ட இடத்திலிருந்து 60 கிலோமீற்றர் தொலைவில் இறங்கினார். குளிரால் ஏற்பட்ட தோற்புண்களுக்காக வைத்தியசாலையில் மருந்து கட்டினார்கள்.

அவர் எத்துணை உயரம் சென்றார் என்பதை அவர் சொல்லி எவரும் அறியவில்லை. இருக்கையோடு பிணைத்திருந்த சிறு கருவியொன்று, இடத்தையும் உயரத்தையும் இடைவிடாது குறித்துக்கொண்டே சென்றது. அதன் பதிவை எடுத்துப் பார்த்தபோதே 9,946 என்ற எண் வெளிவந்தது. அந்த உயரத்திலே வானம் எந்நிறமாய் இருந்தது, என்ன ஓசை கேட்டது என்று அவரைக் கேட்டால் அவரிடம் விடை இல்லை. அங்கே அவர் இருந்தார் என்பதற்கு அச்சிறு கருவி மட்டுமே சாட்சி.